உப்பும் சீனியும் சேர்ந்து திறந்த படலை

வயிற்றோட்டம் வந்தால் "ஜீவனி கரைச்சுக் குடி" என்று சொல்லாத வீடு எங்கட நாட்டில் குறைவு. பாமசியில் மலிவு விலைக்குக் கிடைக்கிற ஒரு சின்னப் பக்கற். உள்ளே இருப்பது கறியுப்பு, குளுக்கோசு, இன்னும் இரண்டு வகை உப்பு. அவ்வளவுதான். அதை ஒரு மருந்தென்றே நாங்கள் மதிப்பதில்லை. டொக்டர் அதை மட்டும் எழுதித் தந்தால் "ஒரு ஊசிகூடப் போடேல்லை" என்று குறைப்பட்டுக்கொண்டுதான் வெளியே வருவோம்.

ஆனால் 1978 இல் 'லான்செற்' மருத்துவ இதழின் தலையங்கம் ஒன்று, இந்தக் கரைசலுக்கு அடிப்படையான கண்டுபிடிப்பை அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக அமையக்கூடியது என்று மதிப்பிட்டது. பென்சிலினைக் கண்ட ஒரு நூற்றாண்டைப் பற்றிய பேச்சு அது. அப்படி எதைக் கண்டுபிடித்தார்கள்? எங்கள் சிறுகுடலின் கலங்களில் ஒரு படலை இருக்கிறது. அதனூடாக உப்பு உள்ளே போவதென்றால் சீனியும் கூடவே வரவேண்டும். இதுதான் கண்டுபிடிப்பு.

இந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்தியது அதன் காலக்கணக்கு. உப்புத் தண்ணீர் கொலரா நோயாளியைக் காப்பாற்றும் என்பது 1832 இலேயே தெரியும். வாயால் கொடுத்தாலும் வேலை செய்யும் என்பதை 1953 இல் கல்கத்தாவில் ஒரு வைத்தியர் எழுதியே வைத்துவிட்டார். ஏன் வேலை செய்கிறது என்ற விளக்கம் 1960 இல் வந்தது. ஆனால் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது 1971 இல், ஒரு அகதிமுகாமில், சேலைன் போத்தல்கள் முடிந்துபோன பிறகு. இடையில் என்ன நடந்தது? அறிவு இல்லாமல் போனது மட்டும் இந்தத் தாமதத்துக்குக் காரணமில்லை. சிகிச்சை என்றால் அது எங்கே, யாருடைய கையால் நடக்கவேண்டும் என்ற எண்ணமும் ஒரு காரணம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

இரத்தத்தை விட்டுப் போன தண்ணீர்

கங்கைக் கழிமுகத்தில் நெடுங்காலமாக இருந்த கொலரா, 1817 இல் வங்காளத்திலிருந்து வெளியே கிளம்பியது. கப்பல்கள், படைகள், யாத்திரிகர்கள், கூலித் தொழிலாளர்கள் என்று ஆட்கள் நகர்ந்த வழியெல்லாம் அதுவும் நகர்ந்தது. எங்கள் வரலாற்றிலும் அதன் தடம் இருக்கிறது. 19 ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, மன்னார்ப் பக்கமாகக் காடுகளூடே நடந்து மலையகத் தோட்டங்களுக்குப் போனவர்களில் கனபேர் வழியிலேயே கொலராவில் இறந்தார்கள். பின்னாளில் மண்டபத்தில் அமைந்த தனிமைப்படுத்தல் முகாமுக்கும் அந்த நோய்ப் பயம் ஒரு முக்கிய காரணம்.

1831 இல் கொலரா இங்கிலாந்தின் சண்டர்லாந்து துறைமுகத்தை அடைந்தது. அங்கே போய் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தவர் வில்லியம் ஓஷோனசி என்ற அயர்லாந்துக்காரர். வயது 22. எங்கட வயதுதான். இரத்தம் தன் தண்ணீரையும் உப்புகளையும் பெருமளவில் இழந்திருக்கிறது, போனதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று அவர் எழுதினார். அந்தக் காலத்து வைத்தியம் இதற்கு நேரெதிர். ஏற்கெனவே வற்றிப்போன உடம்பிலிருந்து இன்னும் இரத்தத்தை வெளியேற்றினார்கள். பேதி மருந்தும் கொடுத்தார்கள்.

ஓஷோனசி சொன்னதை 1832 இல் ஸ்கொட்லாந்தின் லீத் நகரில் தோமஸ் லாட்டா என்ற வைத்தியர் செய்து பார்த்தார். சாகும் நிலையிலிருந்த ஒரு வயோதிப மாதின் நாளத்தினுள் உப்புத் தண்ணீரை ஏற்றினார். குழிவிழுந்த கண்கள் தெளிந்தன, நாடித்துடிப்பு திரும்பியது. ஆனால் அவர் அப்பால் போன பிறகு வயிற்றோட்டம் மீண்டும் தொடங்கி, சில மணித்தியாலங்களில் அந்த மாது இறந்துபோனார். பின்னர் சிகிச்சை பெற்றவர்களில் சிலர் பிழைத்தார்கள், பலர் இறந்தார்கள். கிருமி பற்றிய அறிவே இல்லாத காலம் அது. ஊசியும் சுத்தமில்லை, தண்ணீரும் சுத்தமில்லை. கடைசி மூச்சில் இருந்தவர்களுக்கு மட்டுமே அதைச் செய்தும் பார்த்தார்கள். அடுத்த வருடமே லாட்டா இறந்தார். ஓஷோனசி இந்தியாவுக்குப் போய், பின்னாளில் அங்கே தந்திக் கம்பி போட்டவராகப் பேர் வாங்கினார். கொலராவை எல்லோரும் பழையபடியே வைத்தியம் பார்த்தார்கள்.

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லெனாட் றோஜர்ஸ் நாளத்தினூடாக ஏற்றும் சேலைனை மீண்டும் கொண்டுவந்து இறப்புகளை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார். நூற்றாண்டின் நடுப்பகுதியில் நல்ல ஆஸ்பத்திரி ஒன்றுக்கு நேரத்துக்கு வந்து சேர்ந்த கொலரா நோயாளிகளில் ஒரு வீதத்துக்கும் குறைவானவர்களே இறந்தார்கள்.

"நேரத்துக்கு வந்து சேர்ந்த." சிக்கல் அங்கேதான். கடுமையான கொலராவில் ஒருவர் மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் வரை தண்ணீரை இழக்கலாம். அதை ஈடுசெய்ய போத்தல் போத்தலாகச் சுத்தமான சேலைன் வேண்டும், ஊசி வேண்டும், நாளத்தைப் பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். தோணியில் ஒரு நாள் போனால்தான் ஆஸ்பத்திரி என்ற வங்காளக் கிராமத்துக்கு இது எல்லாமே இல்லாத சாமான்.

"அப்ப வாயால குடிக்கக் குடுத்தா என்ன?" என்று இன்று நாங்கள் கேட்போம். கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் உப்புத் தண்ணீர் குடலில் நிற்கவில்லை, அப்படியே வெளியே வந்தது. கொலராவில் அரிசி களைந்த தண்ணிபோல வெளியேறும் மலத்தில் மிதக்கும் வெண்துகள்களைக் குடலின் உட்சுவர் உரிந்து வருவதாக நீண்டகாலம் நம்பினார்கள். சுவரே போய்விட்ட குடல் எதை உறிஞ்சப் போகிறது? ஆகவே குடலுக்கு ஓய்வு கொடு, எல்லாவற்றையும் ஊசியால் ஏற்று. பாடப்புத்தகம் சொன்னது இதைத்தான்.

கலத்தின் படலை

இந்த நம்பிக்கை 1959, 1960 அளவில் உடைந்தது. கல்கத்தாவில் சம்பு நாத் டே, முயலின் குடலில் செய்த பரிசோதனைகளால், கொலராக் கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கிறது, குடலில் தண்ணீரைக் கொட்டவைப்பது அந்த நஞ்சுதான் என்று காட்டினார். மிகச் சாதாரண ஆய்வுகூடத்தில், குறைந்த வசதிகளோடு செய்த வேலை அது. அதே காலத்தில் தாய்லாந்தில் யூஜின் கங்கரோசா என்ற அமெரிக்க வைத்தியர், உயிரோடிருக்கும் கொலரா நோயாளிகளின் குடலிலிருந்து சிறு துண்டுகளை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார். உட்சுவர் உரிந்திருக்கவில்லை. கலங்கள் அப்படியே இருந்தன.

கலங்கள் இருக்கின்றன என்றால் அடுத்த கேள்வி: அவற்றினுள் எது போகும், எது போகாது?

சாதாரண தரம் வரை விஞ்ஞானம் எல்லோரும் படித்ததுதான். கலமென்சவ்வு, பரவல், பிரசாரணம், உயிர்ப்பான கடத்தல் என்று பரீட்சைக்குப் பாடமாக்கிய சொற்கள் நினைவிருக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் யாரோ ஒருவர் பல வருடங்கள் இருந்திருக்கிறார் என்பதைப் புத்தகம் சொல்லவில்லை. 1890களில் ஏர்னெஸ்ட் ஓவர்ரன் நூற்றுக்கணக்கான பதார்த்தங்களைக் கலங்களுக்குக் கொடுத்துப் பார்த்து, கொழுப்பில் கரையக்கூடியவை வேகமாக உள்ளே போகின்றன என்று கண்டார். ஆகவே கலத்தின் எல்லை கொழுப்புப் போன்ற ஒன்றாகத்தான் இருக்கவேண்டும் என்றார். 1925 இல் நெதர்லாந்தில் கோர்ட்டரும் கிறென்டெலும் அது இரண்டு அடுக்குக் கொழுப்பு என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இங்கேதான் புதிர் தொடங்குகிறது. உப்பும் சீனியும் கொழுப்பில் கரையாது. எல்லை கொழுப்பென்றால் அவை எப்படி உள்ளே போகின்றன? போகாவிட்டால் நாங்கள் உயிரோடு இருக்க முடியாதே?

1957 இல் டென்மார்க்கின் ஓகுஸ் நகரில் ஜென்ஸ் ஸ்கூ, நண்டின் நரம்பை அரைத்துச் செய்த ஆய்வில் ஒரு நொதியத்தைக் கண்டார். கலத்தினுள் இருக்கும் சோடியத்தைச் சக்தி செலவழித்து வெளியே தள்ளும் பம்பி அதுதான் என்பது பிறகு உறுதியாகியது. இதற்கு 40 வருடங்களுக்குப் பின், 1997 இல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிறகு 1960 ஓகஸ்ட். பிராக் நகரில், மென்சவ்வினூடான கடத்தல் பற்றிய மாநாடு ஒன்றில் அமெரிக்க உயிரிரசாயனவியலாளர் றொபேட் கிறேன் ஒரு படத்தை வரைந்து காட்டினார். குளுக்கோசும் சோடியமும் ஒரே காவியில் ஒன்றாக உள்ளே போகின்றன என்பதுதான் அந்தப் படம்.

கலைப்பிரிவுக்காரர்களுக்காக இதை ஒரு வளவாக நினைத்துக்கொள்ளுவோம். சிறுகுடலின் கலம் ஒரு வளவு. முன்பக்கம் குடல், பின்பக்கம் இரத்தம். பின்பக்கத்தில் ஸ்கூவின் பம்பி ஓயாமல் சோடியத்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அதனால் வளவுக்குள்ளே எப்போதும் சோடியம் குறைவு. முன்பக்கத்தில் நிற்கும் சோடியம் உள்ளே வரத் துடிக்கிறது. முன்படலையில் ஒரு நிபந்தனை: சோடியம் குளுக்கோசோடு சேர்ந்து வந்தால்தான் வழி. இரண்டு சோடியத்துக்கு ஒரு குளுக்கோசு என்ற கணக்கு. இரண்டும் உள்ளே போனால் கரைபொருள் கூடிய பக்கத்துக்குத் தண்ணீர் பின்னாலேயே போகும். நாங்கள் படித்த பிரசாரணம் அதுதான்.

கொலரா நஞ்சு செய்வது வேறொரு படலையைத் திறந்துவிடுவது. அதனூடாகக் குளோரைட்டு குடலுக்குள் கொட்டுகிறது; சோடியமும் தண்ணீரும் அதன் பின்னால் போகின்றன. ஆனால் சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து வரும் படலையை அந்த நஞ்சு பூட்டுவதில்லை. ஒரு பக்கம் வளவு ஒழுகிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கத்தால் நிரப்பலாம். வெறும் உப்புத் தண்ணீர் தோற்ற இடத்தில் சீனி சேர்த்த உப்புத் தண்ணீர் ஏன் வெல்கிறது என்பதற்கு இதுதான் பதில்.

இதில ஒரு விஷயத்தைக் கவனிக்கவேணும். இந்தக் கரைசல் வயிற்றோட்டத்தை நிறுத்துவதில்லை. ஒழுகுவது ஒழுகிக்கொண்டேயிருக்கும், சில நாளில் உடல் தானாகவே நஞ்சைக் கடந்துவிடும். அதுவரை ஆளை உயிரோடு வைத்திருப்பதுதான் அதன் வேலை. பின்னால் இதுவே பெரிய பிரச்சினையானது.

விடை இருந்தது, யாரும் எடுக்கவில்லை

கிறேனின் படத்துக்கு ஏழு வருடங்களுக்கு முன்பே, 1953 இல், கல்கத்தாவின் ஹேமேந்திர நாத் சட்டர்ஜி என்ற வைத்தியர் 186 கொலரா நோயாளிகளுக்கு வாயால் உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீரைக் கொடுத்து வெற்றி கண்டதாக 'லான்செற்' இதழில் எழுதியிருந்தார். வாந்தியை அடக்க ஒரு மருந்தும், கற்பூரவள்ளி இலைச் சாறும் பாவித்தார். உலகின் முன்னணி மருத்துவ இதழ், எல்லோரும் வாசிப்பது. ஆனாலும் அது கணக்கிலெடுக்கப்படவில்லை.

ஏன்? காலனித்துவ மனநிலை என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். அதில் உண்மையும் இருக்கு. ஆனால் அது முழுக்கதை இல்லை. சட்டர்ஜியின் நோயாளிகள் மிகக் கடுமையான நிலையில் இருந்தவர்கள் அல்ல. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் அவரிடம் இருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அது ஏன் வேலை செய்கிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. கிறேனிடம் இருந்தது விளக்கம். ஆனால் அவர் யோசித்துக்கொண்டிருந்தது சீனி எப்படி உறிஞ்சப்படுகிறது என்பதைப் பற்றி, கொலராவைப் பற்றியல்ல. ஒருவரிடம் நோயாளிகள், மற்றவரிடம் படலை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் சந்திக்கவேயில்லை.

இன்னொரு சம்பவம் இந்தத் தயக்கத்தைக் கூட்டியது. அமெரிக்கக் கடற்படை வைத்தியர் றொபேட் பிலிப்ஸ், 1960களின் தொடக்கத்தில் மணிலாவில் குளுக்கோசுக் கரைசலை வாயால் கொடுத்துப் பார்த்தார். அவருடைய கரைசல் மிகச் செறிவானது. அளவுக்கு மிஞ்சிய கரைபொருள் குடலில் தங்கினால் தண்ணீர் கலத்துக்குள் போகாது, கலத்திலிருந்து குடலுக்கு வரும். அதே பிரசாரணம், இந்த முறை எதிர்த்திசையில். நோயாளிகள் சிலர் இறந்தார்கள். பிலிப்ஸ் அதன்பிறகு இந்த வழியில் மிகவும் பயந்தே நடந்தார். அவருடைய பயத்தை நான் குறையாகப் பார்க்கவில்லை. படலையின் கணக்குத் தெரியாமல் கரைத்த உப்பும் சீனியும் ஆளைக் கொல்லும் என்பதையும் இந்த வரலாறு சொல்லத்தான் வேண்டும்.

1960 இல் டாக்காவில் கொலரா ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அன்று அது கிழக்குப் பாகிஸ்தான். பணம் வந்தது கம்யூனிசத்துக்கு எதிரான சீற்றோ என்ற இராணுவக் கூட்டமைப்பின் வழியாக. ஏழை வங்காளியின் வயிற்றோட்டத்தில் வல்லரசு அக்கறை காட்டியதற்குப் பனிப்போர்க் கணக்குகள் இருந்தன. ஆசியாவில் நிற்கும் தன் படைகளின் சுகமும் அதில் ஒன்று. நாங்கள் படிக்கும் விஞ்ஞான வரலாறு இந்த மாதிரி இடங்களை மெதுவாகத் தாண்டிப் போய்விடும். நல்ல மருந்தொன்று நல்ல நோக்கத்தால் மட்டுமே பிறக்கவேண்டும் என்றில்லை.

அங்கே 1968 இல், இன்னும் முப்பதைத் தொடாத டேவிட் நாலின், றிச்சர்ட் காஷ் என்ற இரண்டு வைத்தியர்கள், வங்காள வைத்தியர்களோடு சேர்ந்து ஒரு எளிய விஷயத்தைச் செய்தார்கள். நோயாளி எவ்வளவு இழக்கிறார் என்று அளந்தார்கள், அதே அளவு கரைசலைக் குடிக்கக் கொடுத்தார்கள். 29 நோயாளிகள். நாளத்தினூடாக ஏற்றவேண்டிய சேலைனின் தேவை 80 வீதத்தால் குறைந்தது. கல்கத்தாவிலும் இன்னொரு குழு இதே திசையில் முடிவுகளைக் கண்டது.

இனியென்ன, எல்லாம் நிரூபணமாச்சே? இல்லை. இவை ஆய்வு வார்டுகளில், ஒவ்வொரு மில்லிலீற்றரையும் அளக்கும் பயிற்சி பெற்றவர்களுக்கு நடுவில் நடந்தவை. வெளியே, படிக்காத ஆட்களின் கையில் இதைக் கொடுப்பது ஆபத்து என்றுதான் பெரும்பாலான நிபுணர்கள் நினைத்தார்கள்.

1971, எல்லையோரம்

1971 மார்ச் 25 இரவு பாகிஸ்தான் இராணுவம் டாக்காவில் தாக்குதலைத் தொடங்கியது. அதன் பின்னான மாதங்களில் ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை தாண்டி இந்தியாவுக்கு ஓடினார்கள். மழைக்காலம், நெரிசலான முகாம்கள், அழுக்குத் தண்ணீர். கொலரா வந்தது. சில முகாம்களில் நோய்ப்பட்டவர்களில் 30 வீதம் வரை இறந்தார்கள்.

மேற்கு வங்கத்தின் எல்லை நகரமான பொன்காவுக்கு ஜூன் மாதத்தில் அனுப்பப்பட்டவர் திலீப் மஹலனோபிஸ். கல்கத்தாவில் இருந்த ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மையத்தில் வேலை செய்த வங்காள வைத்தியர். அந்த ஆஸ்பத்திரியில் கொலராவுக்கு இருந்தது இரண்டு அறை, 16 கட்டில். நோயாளிகள் நிலமெங்கும் கிடந்தார்கள். மலத்திலும் வாந்தியிலும் முழங்காலிட்டுத்தான் அவர்களுக்குச் சேலைன் ஏற்ற முடிந்ததென்று அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். விரைவில் சேலைனும் முடியத் தொடங்கியது.

அவருக்கு முன்னால் இருந்தது இரண்டே வழி. நிபுணர்கள் ஏற்றுக்கொள்ளாத ஒன்றைச் செய்வது, அல்லது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது.

கல்கத்தாவில் அவருடைய மையத்தின் நூலக அறையில் பொதிகள் தயாராகின. ஒரு லீற்றருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் கறியுப்பு, 2.5 கிராம் அப்பச் சோடா. மூன்றும் எங்கும் வாங்கக்கூடியவை. ஒரு லீற்றர் செய்ய 11 இந்தியப் பைசா போதும். முகாமில் பெரிய பீப்பாய்களில் அவற்றைக் கரைத்து, குழாய் பூட்டி வைத்தார்கள். நினைவிழந்து வந்தவர்களுக்கு மட்டும் மிஞ்சியிருந்த சேலைனை ஏற்றினார்கள். மற்றவர்களுக்குக் கோப்பையில் எடுத்துக் குடிக்கக் கொடுத்தவர்கள் தாய்மார், சகோதரங்கள், பிள்ளைகள். நோயாளியோடு கூட வந்த அகதிகள்தான் அங்கே தாதிகள்.

எட்டு வாரங்களில் 3,700க்கும் மேற்பட்ட நோயாளிகள் இப்படிப் பராமரிக்கப்பட்டார்கள். இறந்தவர்கள் 3.6 வீதம்.

30 எங்கே, 3.6 எங்கே. இதை ஒரு வெற்றிக்கதையாக வாசிக்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. அந்த 3.6 வீதமும் வீட்டை விட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்த 130க்கு மேற்பட்ட ஆட்கள். இடம்பெயர்வு என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. முகாமில் உள்ளவர்களைப் பற்றிய பேச்சுகளில் அவர்கள் எப்போதும் 'பெறுபவர்கள்'. நிவாரணம் பெறுபவர், சிகிச்சை பெறுபவர். பொன்காவில் சிகிச்சை அளித்தவர்களும் அவர்களே. மஹலனோபிஸ் குழு கரைசல் செய்யும் முறையைத் துண்டுப்பிரசுரமாக எல்லையோரம் விநியோகித்தது. வங்காளதேசத்தின் இரகசிய வானொலியும் அதை ஒலிபரப்பியது. யுத்தச் செய்திகளுக்கு நடுவில் உப்பு எத்தனை, சீனி எத்தனை என்று ஒரு வானொலி சொல்லுவதை நினைத்துப் பாருங்கள்.

மருத்துவ உலகம் உடனே நம்பிவிடவில்லை. அவருடைய கட்டுரை 1973 இல்தான் அச்சில் வந்தது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தில் இருந்த தீமான் பருவா முகாமுக்கே வந்து நேரில் பார்த்தார். பார்த்ததை ஜெனீவாவில் விடாமல் வாதிட்டார். 1975 அளவில் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் உலகம் முழுதுக்கும் ஒரே சூத்திரத்தைப் பரிந்துரைத்தன. எங்கட ஜீவனி அந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

ஒரு பிடி சர்க்கரை, மூன்று விரல் உப்பு

யுத்தம் முடிந்து அந்த அகதிகள் வீடு திரும்பினார்கள். திரும்பியவர்களுக்கு உதவுவதற்காக 1972 இல் சில்ஹெட் பக்கத்துச் சுல்லா என்ற இடத்தில் ஃபஸ்லே ஹசன் ஆபெத் என்ற கணக்காளர் ஒரு அமைப்பைத் தொடங்கினார். லண்டனில் இருந்த தன் வீட்டை விற்ற காசு அதற்கு முதல். அதுதான் இன்று உலகம் அறிந்த பிராக்.

பக்கற் எல்லாக் கிராமத்துக்கும் போய்ச் சேராத காலம். ஆகவே 1980 முதல் 1990 வரை பிராக்கின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய்த் தாய்மாருக்கு நேரில் கற்பித்தார்கள். மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லச் சர்க்கரை, அரைச் சேர் தண்ணீர். அளவுக்கோப்பை இல்லை, தராசு இல்லை, விரலும் கையும்தான் அளவு. மணிலாவில் ஆட்களைக் கொன்ற பிழை இங்கேயும் நடக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் தாய்மார் கரைத்ததில் மாதிரிகளை எடுத்து ஆய்வுகூடத்தில் சோதித்தார்கள். ஊழியருக்குச் சம்பளம்கூட, தாய் எவ்வளவை நினைவில் வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஏறத்தாழ 1 கோடி 20 இலட்சம் வீடுகள் இப்படிச் சென்றடையப்பட்டன.

தொடக்கத்தில் தாய்மார் சரியாகக் கற்றார்கள், ஆனால் பாவிக்கவில்லை. ஏனென்று தேடிப் போனபோதுதான், கற்பித்த ஊழியர்களிலேயே பலருக்கு அதில் நம்பிக்கை இல்லை, தங்களுக்கு வயிற்றோட்டம் வந்தால் அவர்கள் வேறு மருந்தைத்தான் தேடினார்கள் என்பது தெரியவந்தது. விளங்கக்கூடியதுதான். குடித்தும் வயிற்றோட்டம் நிற்கவில்லை, பிறகு என்ன மருந்து? ஆகவே அந்த ஊழியர்களை அழைத்து, கரைசல் உடலுக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதை விளங்கப்படுத்தினார்கள். அதன் பிறகே நிலைமை மாறத் தொடங்கியது.

எனக்கு இந்த முழுக் கதையிலும் பெரிதாகத் தெரிவது இந்த இடம். "இதைச் செய்" என்று மட்டும் சொன்னால் போதும், "ஏன்" என்பது படித்தவர்களுக்கானது என்றுதான் பல திட்டங்கள் நினைக்கின்றன. ஆனால் ஏன் என்று தெரியாததால்தான் சட்டர்ஜியின் கட்டுரை தூக்கி வைக்கப்பட்டது. ஏன் என்று தெரியாததால்தான் கிராமத்து ஊழியரும் நம்பவில்லை. கல்கத்தா வைத்தியருக்குத் தேவைப்பட்ட அதே விளக்கம் சுல்லாவின் பெண்ணுக்கும் தேவைப்பட்டது. கிடைத்ததும் அவர் அதைத் தன் கையால் உலகின் மிகப் பெரிய பொதுச்சுகாதார வேலைகளில் ஒன்றாக மாற்றினார். வங்காளதேசத்தில் இன்றும் அதன் பெயர் 'காபார் சேலைன்'. சாப்பிடுகிற சேலைன் என்று சொல்லலாம். ஆஸ்பத்திரிப் போத்தலின் பெயரை மக்கள் எடுத்து அடுப்படிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

பாராட்டும் பாக்கியும்

1980 அளவில் வருடத்துக்கு 45 இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் வயிற்றோட்டத்தால் இறந்ததாகக் கணக்கிடப்பட்டது. இன்று அது ஐந்து இலட்சத்துக்கும் கீழே. தடுப்பூசி, சுத்தமான தண்ணீர், போசாக்கு எல்லாம் அதில் பங்குதாரர்கள். ஆனால் இந்தக் கரைசலின் பங்கு பெரியது. 1987 இல் கிறேன் ஊகித்த அந்தப் படலைப் புரதத்தின் மரபணுவையும் அமெரிக்க ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். 2002 இல் உப்பும் குளுக்கோசும் குறைக்கப்பட்ட புதிய சூத்திரம் வந்தது. மஹலனோபிஸ் 2022 இல் காலமானார். இந்திய அரசு பத்ம விபூஷண் அறிவித்தது அடுத்த வருடம், அவர் இல்லாதபோது. சம்பு நாத் டேக்கு வாழ்நாளில் அப்படி எதுவும் கிடைக்கவில்லை. பொன்காவில் கோப்பையைப் பிடித்திருந்தவர்களின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

உலகில் வயிற்றோட்டம் வந்த சிறுவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே இன்றும் இந்தக் கரைசல் கிடைக்கிறது. பலருக்கு அதற்குப் பதிலாகத் தேவையில்லாத நுண்ணுயிர்கொல்லி மாத்திரை கொடுக்கப்படுகிறது. மலிவான மருந்தில் இலாபம் குறைவு, நம்பிக்கையும் குறைவு. 2017 இல் யெமனில் யுத்தத்துக்கு நடுவில் கொலரா வெடித்தபோது நோய்ப்பட்டவர்கள் பத்து இலட்சத்தைத் தாண்டினார்கள். நீர்விநியோகம் உடைந்த, ஆட்கள் இடம்பெயர்ந்த இடமெல்லாம் அது திரும்பி வருகிறது.

ஆகவே பக்கற்றில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரிலேயே கரையுங்கள். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். சோடாப் போத்தல் அதற்கு மாற்றில்லை. அதில் சீனி கூட, உப்புக் குறைவு, மணிலாவின் பாடம் அதுதான். குடித்தும் நிற்கேல்லையே என்று யாராவது பயந்தால், படலையின் கதையை அவர்களுக்கும் ஒருமுறை சொல்லுங்கள். விளங்கின ஆள் பாதியில் நிப்பாட்டமாட்டார்.